ஏஐ அசிஸ்டன்ட்டோட ப்ராஜெக்ட் மெமரிக்கு எஸ்கியூலைட்: ஏழு மாசம் ஓட்டிப் பாத்த அனுபவம்

ஒரு பைசாவுல ஆரம்பிச்ச கதை இது. மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்து மூணு வருஷமா நான்தான் பாத்துக்கிறேன். 123 ரூபா 30 காசுக்கு 5 பர்சென்ட் ஜிஎஸ்டி போட்டா 6.165 வருது. சிஜிஎஸ்டி ரெண்டரை, எஸ்ஜிஎஸ்டி ரெண்டரைன்னு தனித்தனியா போட்டா ஒவ்வொண்ணும் 3.0825, ரவுண்டு பண்ணா 3.08, ரெண்டும் சேந்து 6.16. அதையே மொத்தமா போட்டு ரவுண்டு பண்ணா 6.17, ரெண்டா பிரிச்சா ஒரு பக்கம் 3.09 இன்னொரு பக்கம் 3.08. ரெண்டு பக்கமும் ஒரே தொகைதான் இருக்கணும், தனித்தனியாவே போடுங்கன்னு ஆடிட்டர் சார் சொல்லிட்டாரு, அப்படியே எழுதி வச்சாச்சு. ஏஐ அசிஸ்டன்ட் வச்சு கோடு எழுத ஆரம்பிச்சதுக்கு அப்புறம் மூணு தடவ, அந்த பங்ஷனுக்குப் பக்கத்துல வேற ஏதோ வேலையா போனப்பல்லாம், இங்க ஒரு ரவுண்டிங் பிழை இருக்கு சரி பண்ணிட்டேன்னு அத மாத்தி வச்சிருச்சு. ரெண்டு தடவ நான் பிடிச்சிட்டேன், மூணாவது தடவ கவனிக்காம கடைக்கு அனுப்பிட்டேன். சாயங்காலம் அண்ணாச்சி போன் பண்றாரு: "ஏந்தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே காசுல்ல வரணும், இங்க ஒரு பைசா கூடக்கொறைய நிக்கிதே?"

அசிஸ்டன்ட்ட திட்டி பிரயோஜனம் இல்ல. கோட மட்டும் பாத்தா அது பிழை மாதிரிதான் தெரியும். ஆடிட்டர் சொன்னது கோட்ல இல்ல, என் மண்டையில இருக்கு. இந்த மாடல்களுக்கு ஒரு செஷன் முடிஞ்சா அதோட சரி, அடுத்த செஷன்ல நாம உள்ள குடுக்குறதுதான் அதுக்குத் தெரிஞ்ச உலகம், நேத்து மூணு மணி நேரம் உக்காந்து பேசி முடிவு பண்ணதெல்லாம் சுத்தமா கிடையாது. அதனால ப்ராஜெக்ட்டோட ஞாபகத்த வெளிய எங்கயாவது வச்சு, தேவைப்படும்போது எடுத்துக் குடுக்கணும். அந்த "எங்கயாவது"க்கு நான் எஸ்கியூலைட்ங்கிற சின்ன டேட்டாபேஸ தேர்ந்தெடுத்து ஏழு மாசம் ஆகுது, அதப் பத்திதான் இந்த ரிவ்யூ.

முதல்ல எல்லாரும் பண்றததான் நானும் பண்ணேன், ப்ராஜெக்ட் போல்டர்ல ஒரு எம்டி பைல், அதாவது குறிப்பு எழுதி வைக்கிற சாதா டெக்ஸ்ட் பைல். கிளாட் கோட்ங்கிற அசிஸ்டன்ட் வச்சிருக்கவங்களுக்கு கிளாட் டாட் எம்டி, மத்த டூல்ஸ்ல ஏஜென்ட்ஸ் டாட் எம்டின்னு இருக்கும், செஷன் ஆரம்பிக்கும்போதே அது முழுசா உள்ள போயிரும். நூறு வரி இருக்குற வரைக்கும் இத அடிச்சுக்க எதுவுமே கிடையாது, இப்பவும் சின்ன ப்ராஜெக்ட் வச்சிருக்கவங்க அதோட நிறுத்திக்கங்கன்னுதான் சொல்வேன். எனக்கு அது தொள்ளாயிரம் வரி ஆயிருச்சு. பாதி தமிழ்ல வேற எழுதிருந்தேன், மாடல் எழுத்த சின்னச் சின்னத் துண்டா வெட்டி எண்ற டோக்கன் கணக்குல தமிழ் இங்கிலீஷ விட நிறையவே தின்னும். ஒரு பட்டன் கலர் மாத்த செஷன் திறந்தாலும் ஜிஎஸ்டி, ஸ்டாக், தராசு கனெக்ஷன், பிரிண்டர் செட்டிங்னு எல்லாமே முதல்ல உள்ள போகுது. அவ்வளவும் போனாலும் எல்லாத்தையும் ஒரே மாதிரி கவனிக்குமான்னா அதுவும் இல்ல, நீளமான உள்ளீட்டுல நடுவுல கிடக்குற தகவல மாடல்கள் சரியா பயன்படுத்துறதில்லன்னு 2023லயே ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்க ஆராய்ச்சி பண்ணி காட்டிருக்காங்க.

ஆனா எம்டி பைல விட்டு நான் வெளிய வந்தது நீளத்துக்காக இல்ல. 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி ரேட் மாறுச்சு, 12ம் 28ம் போயி பெரும்பாலும் 5, 18ன்னு ஆச்சு. கடையில நெய் 12ல இருந்து 5க்கு வந்துச்சு. நான் பைல்ல கீழ புதுசா ஒரு வரி சேத்தேன், மேல எங்கயோ முன்னாடி எழுதுன "நெய், வெண்ணெய் 12" அப்படியே கிடந்துச்சு. ரெண்டுமே உண்மைதான், ஆனா ஒண்ணு அந்தத் தேதி வரைக்கும் உண்மை, இன்னொண்ணு அதுக்கு அப்புறம் உண்மை. எம்டி பைலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அதுக்கு எல்லா வரியும் ஒண்ணுதான். ஒரு நாள் அசிஸ்டன்ட் மேல இருந்த வரியப் படிச்சிட்டு டெஸ்ட் டேட்டாவுல நெய்க்கு 12 போட்டு, டெஸ்ட் பெயிலாகுதுன்னு கோட மாத்தப் பாத்துச்சு. அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், இது டேட்டாபேஸ்ல இருக்க வேண்டிய விஷயம்னு.

ஏன் எஸ்கியூலைட்? போஸ்ட்கிரெஸ்ங்கிற சர்வர் டேட்டாபேஸ் எனக்கு நல்லாத் தெரியும், ஆனா மெமரிக்குன்னு ஒரு சர்வர ஓட்டி, அதுக்கு பாஸ்வேர்டு வச்சு, அது ஓடுதா நின்னுச்சான்னு பாத்துட்டு இருக்குறதெல்லாம் வேண்டாத வேல. எஸ்கியூலைட் ஒரே ஒரு பைல். ரிச்சர்ட் ஹிப் 2000ல இத எழுதுனதுக்குக் காரணமே அமெரிக்க கடற்படையோட ஒரு போர்க்கப்பல் சாஃப்ட்வேர்ல, டேட்டாபேஸ் சர்வர் படுத்துட்டா மொத்த சாஃப்ட்வேரும் படுத்துருதுங்கிற தொல்லைதான், சர்வரே இல்லாம ஒரு டேட்டாபேஸ் இருந்தா என்னன்னு யோசிச்சு பண்ணது. இன்னிக்கு நம்ம கையில இருக்குற எல்லா போன்லயும் அதுதான் ஓடுது. லைசென்ஸ் தொல்லை கிடையாது, முழுக்க பொதுச்சொத்தா விட்டிருக்காங்க. 2050 வரைக்கும் பாத்துக்குவோம்னு எழுதியே போட்டிருக்காங்க, பைல் பார்மட்ட மாத்த மாட்டோம்னும் சொல்லிருக்காங்க. அமெரிக்காவோட காங்கிரஸ் நூலகம் நீண்ட காலம் சேமிச்சு வைக்க ஏத்த பார்மட் லிஸ்ட்ல இதையும் வச்சிருக்கு. நான் எழுதுற ஞாபகம் என்னைக்கும் படிக்கக் கிடைக்கணும், அசிஸ்டன்ட் கம்பெனி மாறலாம், நான் வேற டூலுக்குப் போகலாம், அந்த பைல் மட்டும் என்கிட்ட இருக்கணும். அந்த நம்பிக்கைய இது ஒண்ணுதான் எனக்கு முழுசா குடுத்துச்சு.

என் டேபிள் ரொம்ப எளிசு. என்ன முடிவு, ஏன் அந்த முடிவு, எந்தத் தேதி, யார் சொன்னது, எந்தெந்த பைலுக்கு சம்பந்தம், இப்ப செல்லுமா செல்லாதா, செல்லாதுன்னா எந்தக் குறிப்பு இத மாத்துச்சு. இதுல நான் கண்டுபிடிச்சது எதுவும் கிடையாது, 2011லயே மைக்கேல் நைகார்ட் கட்டமைப்பு முடிவுகள எப்படி எழுதி வைக்கணும்னு சொன்னாரு, சூழ்நிலை, முடிவு, நிலை, விளைவுன்னு, பழைய முடிவ அழிக்காம இன்னது வந்து இத மாத்திருச்சுன்னு மட்டும் குறிச்சு வைக்கச் சொன்னாரு. அத டேபிளா மாத்துனதுதான் என் வேல. நெய் விஷயம் இப்ப ரெண்டு வரியா இருக்கு, பழசு "செல்லாது"ன்னு நிக்கிது, அதுலயே புதுக் குறிப்போட நம்பர் இருக்கு, அசிஸ்டன்ட் தேடுனா செல்லுற குறிப்பு மட்டும்தான் வரும், வரலாறு வேணும்னு கேட்டா மட்டும் பழசும் வரும். "ஏன்"ங்கிற கட்டத்த காலியா விட முடியாதபடி வச்சிருக்கேன், காரணம் எழுதாம ஒரு குறிப்பும் உள்ள போகாது. என்னைக் கேட்டா மொத்த செட்டப்புலயும் அந்த ஒரு கட்டுப்பாடுதான் உயிர். என்ன பண்ணிருக்கோம்ங்கிறத கோடே சொல்லும், ஏன் அப்படிப் பண்ணோம்ங்கிறத எந்தக் கோடும் சொல்லாது, என்னத்தையெல்லாம் முயற்சி பண்ணி வேண்டாம்னு விட்டோம்ங்கிறது கோட்ல சுத்தமா கிடையாது. என் டேபிள்ல மூணுல ஒரு பங்கு குறிப்பு இந்த வேண்டாம்னு விட்ட வகைதான், அதுதான் எனக்கு அதிக நேரத்த மிச்சம் பண்ணிருக்கு.

அசிஸ்டன்ட் இதத் தொடுறது எம்சிபி வழியா. அசிஸ்டன்ட்ட வெளிய இருக்குற டேட்டா, டூலோட இணைக்க 2024 நவம்பர்ல கிளாட் கம்பெனி ஆந்த்ரோபிக் வெளியிட்ட நெறிமுறை அது, இப்ப பெரும்பாலான டூல்கள்ல வேல செய்யுது. நான் ரெண்டே ரெண்டு டூல்தான் குடுத்திருக்கேன், தேடு, எழுது. எம்டி பைல இப்ப பத்து வரியா சுருக்கிட்டேன், அதுல முக்கியமான வரி இதான்: எந்த பைல மாத்துறதுக்கு முன்னாடியும் அந்த பைல் பேர வச்சு மெமரியில தேடு. இந்த வரி இல்லாம முதல் ரெண்டு வாரம் ஓட்டுனேன், அது தேடவே தேடாது, தனக்குத் தெரியும்னு நெனச்சு எழுத ஆரம்பிச்சிரும். தனக்கு ஒரு விஷயம் தெரியாதுங்கிறதே தெரியாதப்ப அது எப்படித் தேடும்? பைல் பேர வச்சுத் தேடச் சொன்னதும் சரியாயிருச்சு. போன மாசம் டிஸ்கவுன்ட் கணக்க மாத்தச் சொன்னேன், வரிக் கணக்கு பைல்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி தேடுச்சு, மூணு குறிப்பு வந்துச்சு, அதுல ரவுண்டிங் குறிப்பு ஒண்ணு, "சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி தனித்தனியா ரவுண்டு ஆகுறது ஆடிட்டர் முடிவு, பிழை இல்ல"ன்னு எடுத்து எழுதிட்டு அந்த இடத்தத் தொடாம வேலைய முடிச்சுது. அதப் பாத்தப்ப வந்த நிம்மதிய இங்க எழுத்துல கொண்டு வர எனக்குத் தெரியல.

சரி, இப்ப தமிழ்ல குறிப்பு எழுதுறவங்க எல்லாரும் கொஞ்சம் நின்னு படிங்க, இந்த ஒரு விஷயத்துக்காகவே இத எழுதணும்னு இருந்தேன். எஸ்கியூலைட்ல தேடுறதுக்கு எஃப்டிஎஸ்5னு ஒரு வசதி கூடவே வருது, வார்த்தைகள இன்டெக்ஸ் பண்ணி வேகமா தேடித் தரும், பிஎம்25 கணக்குல எது நெருக்கமோ அத முன்னாடி தரும். அருமையான சாமான். ஆனா அது வார்த்தையப் பிரிக்கிற முறை டீஃபால்ட்டா யூனிகோட்61, அந்த முறையில எழுத்தும் எண்ணும் மட்டும்தான் வார்த்தையோட பகுதி, மத்ததெல்லாம் இடைவெளி மாதிரி. யூனிகோட்ல நம்ம கால், கொம்பு, சுழி, புள்ளி எதுவுமே எழுத்து வகையில வராது, குறியீடுன்னு தனி வகை. அப்ப என்ன ஆகும்? "வரி"ங்கிறது வ, ர, அப்புறம் ஒரு சுழி. சுழிய இடைவெளின்னு எடுத்துக்கிட்டு "வர"ன்னு ஒரு துண்ட மட்டும் இன்டெக்ஸ்ல போடுது. "வரும்"ல ர-வுக்கு அப்புறம் உகரம், அங்க வெட்டி அதுவும் "வர". "வராது"ம் "வர"தான் முன்னால. நான் ஜிஎஸ்டி குறிப்புக்காக வரின்னு தேடுனா பிரிண்டர் பேப்பர் வராது, லோடு நாளைக்கு வரும், வரைக்கும், வரை எல்லாம் வந்து நிக்கிது. ரெண்டு வாரம் எனக்கு இது புரியல, எந்த எர்ரரும் வராது, ரிசல்ட் வருது, ஆனா குப்பையா வருது, அசிஸ்டன்ட்டும் அந்தக் குப்பையப் படிச்சிட்டு சம்பந்தமில்லாம ஏதோ சொல்லுது, நான் மாடல் மேல சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.

சரி பண்றது ஒரே வரி. டேபிள உருவாக்கும்போது, வார்த்தையப் பிரிக்கிற டோக்கனைசரோட ஆப்ஷன்ல கேட்டகரிஸ் (categories)னு ஒண்ணு இருக்கு, அதுல வழக்கமா இருக்குற L*, N*, Co வகைகளோட Mn, Mcங்கிற குறியீட்டு வகை ரெண்டையும் சேத்துருங்க, அவ்வளவுதான், நம்ம உயிர்மெய்க் குறி எல்லாம் வார்த்தைக்குள்ள வந்துரும். டேபிள திரும்ப உருவாக்கி இன்டெக்ஸ திரும்ப கட்டணும், என்கிட்ட இருக்குற முந்நூத்தி சொச்சம் குறிப்புக்கு கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இது மறைச்சு வச்ச விஷயமெல்லாம் இல்ல, டாக்குமென்ட்ல தெளிவா எழுதிருக்காங்க, ஆனா தமிழ்ல தேடுறவன் அதப் படிச்சாத்தான் அது தனக்குன்னு புரியும்.

அது தீந்ததும் அடுத்தது வரும். நம்ம மொழியில வார்த்தை வேற்றுமை ஏத்துக்கிட்டு உருவம் மாறும். "வரியை", "வரிக்கு", "வரியில" எல்லாம் இப்ப வேற வேற வார்த்தை. கடைசியில ஸ்டார் போட்டு முன்னொட்டா தேடலாம், வரி ஸ்டார்னு தேடுனா இதெல்லாம் வந்துரும், கூடவே "வரிசை"யும் வரும், அதப் பொறுத்துக்கலாம். ஆனா "கணக்கு ஸ்டார்"னு தேடுனா "கணக்கை" வராது, கடைசி எழுத்தோட குறி மாறிருச்சு. "கணக்க"ன்னு நிறுத்தித் தேடணும், அது ஏஐக்கு எப்பவும் தோணாது. "வீடு" எடுத்துக்கிட்டா "வீட்டுக்கு", அங்கயும் "வீட"ன்னு நிறுத்தித் தேடுனாத்தான் வரும். கூட வர்ற போர்ட்டர் ஸ்டெம்மர் இங்கிலீஷுக்கு மட்டும்தான். மூணு மூணு எழுத்தா வெட்டி இன்டெக்ஸ் பண்ற ட்ரைகிராம் முறை 2020 கடைசியில வந்த வெர்ஷன்ல இருந்து இருக்கு, அதையும் போட்டுப் பாத்தேன், "கணக்கை"க்குள்ள "கணக்க" கிடைக்கும், ஆனா இன்டெக்ஸ் பெருசாகுது, நடுவுல கிடக்குற துண்டுக்கெல்லாம் ரிசல்ட் வருது. கடைசியில நான் பண்ணது பழைய காலத்து வழி, குறிச்சொல்னு ஒரு கட்டம் வச்சு ஒவ்வொரு குறிப்புக்கும் அஞ்சாறு வார்த்தை மூல வடிவத்துல, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும், கூடவே பைல் பேரு. எழுதுற டூலே அத கட்டாயம் கேக்கும். இதுக்கப்புறம் தேடல் சரியா இருக்கு.

பிஎம்25 பத்தி ஒண்ணு, உங்க எம்சிபி சர்வர் கோட ஏஐ எழுதிக் குடுத்திருந்தா உடனே திறந்து பாருங்க. எஃப்டிஎஸ்5ல நெருக்கமான குறிப்புக்கு கம்மியான எண் வரும், மைனஸ்ல போகும். பெரிய எண்தான் நல்லதுன்னு எடுத்துக்கிட்டு எனக்கு இறங்குவரிசையில எழுதிக் குடுத்திருந்துச்சு, அதனால இருக்குறதுலயே கடைசி ரிசல்ட் முதல்ல வந்துட்டு இருந்துச்சு. ரேங்க்னு மட்டும் போட்டு ஏறுவரிசையில விட்டா போதும்.

இந்த ஏழு மாசத்துல எனக்கு நடந்த ஒரே பெரிய நஷ்டம் லேப்டாப் மாத்துனப்ப. எஸ்கியூலைட்ல டபிள்யூஏஎல் (WAL)னு ஒரு முறை இருக்கு, அதுலதான் ஓட்டிட்டு இருந்தேன், ஒருத்தர் எழுதும்போதே மத்தவங்க படிக்கலாம்ங்கிறதால எல்லாரும் அததான் சொல்வாங்க, நானும் அததான் சொல்வேன். அந்த முறையில எழுதுறது முதல்ல பக்கத்துல இருக்குற இன்னொரு பைல்லதான் போய் உக்காரும், அப்புறம்தான் மெயின் பைலுக்கு வரும். டீஃபால்ட்டா ஆயிரம் பக்கம் சேந்தா கொண்டு வரும், ஒரு பக்கம் 4096 பைட்டுன்னா அது கிட்டத்தட்ட 4 எம்பி. என் மொத்த மெமரியே ஒரு எம்பி கிடையாது! அப்ப சர்வர் நிறுத்தாம ஓடிட்டே இருந்தா அந்தக் கணக்கு சீக்கிரம் நெறையாது, அதுவரைக்கும் புதுசா எழுதுனதெல்லாம் பக்கத்து பைல்லயே நிக்கும். நான் சர்வர நிறுத்தாம மெயின் பைல மட்டும் பென் டிரைவ்ல காப்பி பண்ணிட்டு பழைய லேப்டாப்ப பார்மட் பண்ணிட்டேன். பதினோரு குறிப்பு போச்சு. தராசு கனெக்ஷன்ல மூணு நாள் மண்டைய உடைச்சு கண்டுபிடிச்ச விஷயமும் அதுல ஒண்ணு, அது திரும்ப வரல. தயவுசெஞ்சு பைல கையால காப்பி பண்ணாதீங்க, வேக்கம் இன்டூன்னு ஒரு கட்டளை இருக்கு, ஓடிட்டு இருக்கும்போதே முழுசா ஒரு நகல் எடுத்துத் தரும், தினமும் ராத்திரி அத ஓட விடுங்க. இந்த பைல நெட்வொர்க் டிரைவ்லயும் வைக்காதீங்க, டபிள்யூஏஎல் அங்க வேல செய்யாது.

ரெண்டு மூணு அசிஸ்டன்ட் செஷன ஒரே நேரத்துல ஓட்டுறவங்களுக்கு டேட்டாபேஸ் லாக்டுன்னு வரும், ஏன்னா எழுதுறது எப்பவும் ஒருத்தர்தான். பிஸி டைம்அவுட்ங்கிற காத்திருப்பு நேரத்த 5000 மில்லிசெகண்ட் வச்சிட்டா வரிசையில நின்னு எழுதிரும், எனக்கு அதுக்கப்புறம் ஒரு தடவ கூட வரல. கோடு மாற்றங்கள சேத்து வைக்கிற கிட்ல (Git) இந்த பைல நேரா போடாதீங்க, பைனரி பைல், ரெண்டு பேரு மாத்துனா சேக்க வழி இல்ல. நம்பர் வரிசையில டெக்ஸ்ட்டா டம்ப் எடுத்து அத கமிட் பண்றேன், அதுல ஒரு பெரிய நன்மை, கோடு மாற்றமும் அதுக்கான காரணமும் ஒரே கமிட்ல பக்கத்து பக்கத்துல தெரியுது.

மத்ததோட ஒப்பிட்டா எப்படின்னு கேப்பீங்க. எம்சிபியோட கூடவே மாதிரிக்குன்னு ஒரு மெமரி சர்வர் குடுத்திருக்காங்க, பொருள், உறவு, கவனிப்புன்னு வலை மாதிரி சேத்து வைக்கும், ஒரு ஜேசன் வரி பைல்ல. இன்னார் இன்ன ஊருல இருக்காங்கங்கிற மாதிரி விஷயத்துக்கு அது நல்லா பொருந்தும், ஆனா தேதி, செல்லும் செல்லாது, காரணம்னு எனக்கு வேண்டிய எதுக்கும் அதுல தனி இடம் இல்ல. ஸ்டீவ் யெக்கி 2025ல வெளியிட்ட பீட்ஸ் நல்ல கருவி, அதோட பலம் செய்ய வேண்டிய வேலைகள, எது எதுக்கு முன்னாடி முடியணும்னு கோத்து வைக்கிறது, அடுத்து எந்த வேல தயாரா இருக்குன்னு ஏஜென்ட் கேட்டு எடுத்துக்கும். அது நாளைக்கு என்ன செய்யணும்ங்கிற ஞாபகம், எனக்கு வேண்டியது நேத்து ஏன் செஞ்சோம்ங்கிற ஞாபகம். ரெண்டும் வேற.

வார்த்தைய வச்சு இல்லாம அர்த்தத்த வச்சுத் தேடுற வெக்டர் டேட்டாபேஸ் இல்லாம மெமரியான்னு ரெண்டு பேரு என்கிட்டயே கேட்டாச்சு. சில ஆயிரம் குறிப்புக்கு அது வேண்டாம். எஸ்கியூலைட்லயே அலெக்ஸ் கார்சியா எழுதுன எஸ்கியூலைட்-வெக்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, தேவைப்பட்டா அதே பைலுக்குள்ள வெக்டரும் வச்சிக்கலாம், நான் ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டு எடுத்துட்டேன். காரணம் என்னன்னா "நெய்க்கு 12"ம் "நெய்க்கு 5"ம் அர்த்தத்துல பக்கத்து பக்கத்துல இருக்குற குறிப்பு, வெக்டர் தேடல் ரெண்டையும் கிட்டத்தட்ட ஒரே மார்க்கோட தரும், எனக்கு அதுல எது செல்லும்ங்கிறதுதான் கேள்வி, அதுக்கு செல்லுறத மட்டும் எடுன்னு ஒரு கண்டிஷன் போதும்.

இத எடுக்குறவங்க முதல் மாசத்துலயே முடிவு பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு, யாரு எழுதுறதுன்னு. ஆரம்பத்துல அசிஸ்டன்ட்டயே இஷ்டத்துக்கு எழுத விட்டேன். "பிரிண்டர் பிழை சரி செய்யப்பட்டது", "டெஸ்ட் அனைத்தும் தேறின", இப்படி ஒரு வாரத்துல எண்பது குறிப்பு. இதெல்லாம் கிட் லாக்ல இருக்குற விஷயம், மெமரி இல்ல. இப்ப அது எழுதுறது "முன்மொழிவு"ங்கிற நிலையில நிக்கும், நான் சாயங்காலம் பாத்து சரின்னாத்தான் தேடல்ல வரும், பத்துல ஏழ அழிச்சிருவேன். பாதுகாப்புக்கும் இது தேவை. சைமன் வில்லிசன் 2022லயே ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன்னு பேரு வச்சு எச்சரிச்ச விஷயம்தான், அசிஸ்டன்ட் எங்கயோ ஒரு பக்கத்தப் படிக்கும்போது அதுல ஒளிஞ்சிருக்குற கட்டளைய நம்ம கட்டளையா எடுத்துக்கும். செஷன்ல நடந்தா செஷனோட போகும், மெமரியில ஏறிட்டா ஒவ்வொரு நாளும் திரும்ப வந்து உக்காரும். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ, கஸ்டமர் போன் நம்பர் எதையும் இதுல ஏத்தாதீங்க, எழுதுற டூல்லயே தடுத்து வைங்க, ஏன்னா இதுல இருக்குறதெல்லாம் என்னிக்காவது ஒரு மாடலுக்குப் போகும்.

செலவுன்னு பாத்தா சாஃப்ட்வேருக்கு ஒரு ரூபா கூட இல்ல, சர்வர் கோடு முந்நூறு வரிக்குள்ள, ஒரு சனி ஞாயிறு வேல. உண்மையான செலவு தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் குறிப்ப வாசிச்சு சரி பாக்குறது, அதுக்கு மனசு இல்லன்னா எந்த டேட்டாபேஸும் ரெண்டே மாசத்துல குப்பைத்தொட்டி ஆயிரும். ஒரு ஆளு இல்ல மூணு ஆளு டீமுக்கு அஞ்சுக்கு நாலரை தாராளமா குடுப்பேன், அந்த அரைய பிடிச்சு வச்சது தமிழ்த் தேடலுக்காக. இருபது பேரு ஒரே ஞாபகத்துல எழுதணும்னா எஸ்கியூலைட் வேண்டாம், அங்க போஸ்ட்கிரெஸ்தான்.

போன மாசம் வேலைக்கு ஒரு தம்பி சேந்தான், காலேஜ் முடிச்சு வந்த பையன். ரெண்டாவது நாளே ரேட் டேபிள்ல 12 பர்சென்ட் கிடக்குறதப் பாத்துட்டு, அண்ணே இதான் இப்ப கிடையாதே அழிச்சிரவான்னு அசிஸ்டன்ட்கிட்ட குடுத்திருக்கான். அது டேபிள் பேர வச்சுத் தேடி ஒரு குறிப்ப அவன் முன்னாடி வச்சிருக்கு: 2025 செப்டம்பர் 22க்கு முன்னாடி போட்ட பில்லோட சரக்கு திரும்பி வந்தா கிரெடிட் நோட் பழைய ரேட்டுலதான் போகணும், இந்த வரிய அழிக்கக் கூடாது, சொன்னது ஆடிட்டர். நான் அப்ப கடையில இருந்தேன், எனக்கு போன் கூட வரல. சாயங்காலம் முன்மொழிவு லிஸ்ட்ட திறந்தா அவனே ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கான், பழைய ரேட் வரிகள ஸ்கிரீன்ல எடுக்கும்போது பில் தேதியக் கட்டாயம் கேக்கணும், ஏன்னா புது ஆளுங்க தேவையில்லாததுன்னு நெனச்சு அழிச்சிருவாங்கன்னு. சரின்னு போட்டுட்டேன். இப்ப அந்தக் குறிச்சொல் கட்டத்துக்கு "கணக்கு, கணக்க, கணக்கை"ன்னு எல்லா உருவத்தையும் தானா எடுத்துக் குடுக்குற மாதிரி ஒரு சின்ன பட்டியலும் அவன்தான் எழுதிட்டு இருக்கான், நூத்தி நாப்பது வார்த்தை வரைக்கும் வந்திருக்கு.